டாக்டரம்மா பதில்கள்: நான் இடக்கைக்காரி ஆன கதை

போன இதழில் ஒரு வாசகர், "காணொளியில் மருத்துவம் படிக்க முடியுமா?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். நானும் சோம்பல்பட்டு, "பாதி முடியும்" என்று ஒற்றை வரியிலேயே பதில் எழுதிவிட்டேன். எந்தப் பாதி என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் சர்க்கரையும் முழங்கால் வலியும் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

*

கேள்வி: என் மகன் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுதி அறையில் படுத்தபடியே, பணம் கட்டி வாங்கிய செயலியில் பாடம் பார்க்கிறான். "கல்லூரி வகுப்பு வீண், அம்மா. அங்கே ஒரு மணி நேரம் நடத்துவதை நான் இதில் வேகத்தைக் கூட்டி நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவேன்" என்கிறான். கண்டிப்பதா, விட்டுவிடுவதா? (ஒரு தாய், கோவில்பட்டி)

பதில்: முதலில் உங்கள் மகன் பக்கம் பேசிவிடுகிறேன் அம்மா. 31 ஆண்டுகள் கல்லூரியில் பொது மருத்துவப் பாடம் நடத்திய எனக்கு இது கசப்பான ஒப்புதல்தான். பெரிய அரசுக் கல்லூரிகளில் ஓர் ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள். அத்தனை பேரையும் ஓர் அரங்கத்தில் உட்கார வைத்து, கரகரக்கும் மைக்கில் சிறுநீரகச் செயலிழப்பை நான் விளக்கியபோது, பன்னிரண்டாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நான் ஒரு புடவை நிறமாக மட்டுமே தெரிந்திருப்பேன். அந்த வகுப்புக்கும் காணொளிக்கும் வைத்த போட்டியில் காணொளி தோற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. காணொளியை நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், புரியாத இடத்தில் தலையைச் சொறியலாம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2008இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருத்துவத் துறையினர் இணைய வழியில் கற்பதைப் பற்றி 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றுமே கற்பிக்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் இணைய வழிக் கல்வி பெரும் பலன் தருகிறது. வழக்கமான வகுப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொற்பம் என்பது அதன் முடிவு. ஆகவே விரிவுரை அளவில் உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. வருகைப் பதிவு விஷயத்தை மட்டும் நினைவூட்டுங்கள்: பாட வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கும் வார்டுக்கும் 80 சதவீதம். குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

ஆனால் அவன் வார்டுக்குப் போகிறானா என்று கேளுங்கள். காலையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்கிறானா? அதற்கும் மட்டம் போடுகிறான் என்றால் கண்டிப்பு போதாது, நேரில் போய்க் காதைத் திருகுங்கள்.

ஏன் என்பதற்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கும் முறையை நான் வீட்டிலிருந்து காணொளியாக எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. கட்டிலில் பன்னிரண்டு வயதுப் பேரனைச் சட்டையைத் தூக்கிப் படுக்க வைத்தேன். அவனுக்கு ஒரே கூச்சம், சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுடைய அக்கா கைப்பேசியை ஒரு ஸ்டூலில் நிறுத்தி, நான் என்னைப் பார்த்துக்கொண்டே பேச வசதியாக முன்பக்கக் கேமராவைத் திருப்பிவிட்டாள். நோயாளியின் வலப்பக்கம் நில்லுங்கள், வலக்கையை வயிற்றின் வலப்பக்கக் கீழ் மூலையில் வையுங்கள், அவர் மூச்சை இழுக்க இழுக்க இடப்பக்க விலா எலும்பை நோக்கி மெதுவாக ஏறுங்கள் என்று பாடம் அழகாக வந்திருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு பையன் குறுஞ்செய்தி அனுப்பினான்: "மேடம், நீங்கள் இடக்கைப் பழக்கம் உள்ளவரா?" கொழுப்பைப் பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அது கேலி இல்லை. அந்தக் கைப்பேசி முன்பக்கக் கேமராவின் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றியே சேமித்திருந்தது. காணொளியில் நான் நோயாளியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் தடவிக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் வலம் வலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

2021இல் அந்த மாணவர்கள் வார்டுக்கு வந்தார்கள். நான்காவது கட்டிலில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. "இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது" என்று சொல்லிச் சேர்ந்தவர். இணையத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனை அழைத்து, வயிற்றைப் பார்க்கச் சொன்னேன். அவன் நேராகக் கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றான். வலப்பக்கக் கீழ் மூலையில் தொடங்க வேண்டும் என்று தேர்வில் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அவன் நின்ற இடத்திலிருந்து அந்த மூலை எட்டவில்லை. கை தானாகவே பக்கத்தில் இருந்த இடப்பக்க விலாவுக்குக் கீழே போய்விட்டது. அழுத்திப் பார்த்தான். "ஒன்றும் தட்டுப்படவில்லை, மேடம்" என்றான்.

அந்த மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. பையனின் கை மண்ணீரலின் மேலேயே இருந்தது. சுவரின் நடுவில் கையை வைத்துக்கொண்டு சுவர் எங்கே முடிகிறது என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? கீழிருந்து ஏறி வந்தால்தான் விளிம்பு விரலில் வந்து முட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த நோயாளியே, "தம்பி, அங்கே இல்லை. இதுவரைக்கும் வந்திருக்கிறது என்று போன வாரம் பார்த்த டாக்டர் சொன்னார்" என்று தொப்புளுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

பாடத்தைக் காதால் கேட்டிருந்தான். நிற்கும் இடத்தைக் கண்ணால் கற்றிருந்தான். தவறு என்னுடையது. ஆனால் நேர் வகுப்பிலும் நான் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். அங்கே அது ஒரு நிமிடம்கூட உயிரோடு இருக்காது, ஏனென்றால் மாணவனின் கை என் கண் முன்னால் இருக்கும். தப்பான பக்கம் போய் நின்றால் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவேன். காணொளியில் அவன் என் கையைப் பார்க்கிறான், நான் அவன் கையைப் பார்ப்பதில்லை. நான் சொன்ன "பாதி" இதுதான் அம்மா. மாணவன் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பாதிக்குத் திரை போதும். ஆசிரியர் மாணவனைப் பார்த்துத் திருத்தும் பாதி கட்டில் ஓரத்தில்தான் இருக்கிறது.

*

கேள்வி: இதய ஒலிகளைக் காணொளியில் கேட்டே பழகிக்கொள்ளலாம் என்கிறார்களே? (இரண்டாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்)

பதில்: பழகலாம், கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அல்ல. மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு வரும் முணுமுணுப்பு, தூரத்தில் லாரி உறுமுவதுபோல் மிகத் தாழ்ந்த சுருதியில் வரும். அந்தச் சுருதியைக் கைப்பேசி ஒலிபெருக்கியால் எழுப்பவே முடியாது. நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். நேரலை வகுப்பு என்றால் இன்னொரு கோளாறும் உண்டு. காணொளி அழைப்புச் செயலிகள் மின்விசிறி இரைச்சலை வடிகட்டுவதற்காக எழுதப்பட்டவை. இதயத்தின் முணுமுணுப்பும் அவற்றுக்கு மின்விசிறிதான். பேராசிரியர் ஸ்டெதஸ்கோப்பை மைக்கோடு இணைத்து ஆர்வமாக ஒலிபரப்புவார், உங்களுக்கு நிசப்தம் வந்து சேரும். இரைச்சல் நீக்கும் அமைப்பை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு வார்டில் நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் குழிந்த பக்கத்தை மெல்ல வைத்து, பக்கத்துக் கட்டில் இருமலுக்கு நடுவில் அதே ஒலியைத் தேடுங்கள். தேடுவதுதான் வித்தை.

*

கேள்வி: நான் சீனாவில் மருத்துவம் படித்தேன். 2020 ஜனவரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போக முடியவில்லை. அங்கே காலை எட்டு மணி வகுப்பு என்றால் இங்கே ஐந்தரை. இருட்டில் எழுந்து மடிக்கணினி முன் உட்கார்ந்தே இறுதி ஆண்டுவரை முடித்தேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறி, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். ஊசி ஏற்றும்போது நரம்பு கிடைக்காமல் கை நடுங்குகிறது. உடன் இருப்பவர்கள் "ஆன்லைன் டாக்டர்" என்கிறார்கள். வீட்டில் நிலம் விற்றுப் படிக்க வைத்தார்கள். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்குதானா? (பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அந்தக் கேலியைத் தள்ளிவிடு. எல்லையை மூடியது நீ இல்லை. 300 கேள்விக்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி என்கிற அந்தத் தகுதித் தேர்வை, உன்னைக் கேலி செய்கிறவர்கள் எழுதியது இல்லை.

ஆனால் கடிதத்தில் இருக்கும் உண்மையையும் நான் மழுப்பமாட்டேன். தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஜூலை 28 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொரோனாவாலோ உக்ரைன் போராலோ இறுதி ஆண்டில் ஊர் திரும்பி, 2022 ஜூன் 30க்குள் படிப்பை முடித்த சான்று பெற்றவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். ஆனால் தேறிய பிறகு ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி செய்ய வேண்டும் என்றது. நிறையப் பேர் இதைத் தண்டனை என்று கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளியைத் தொடாமல் போன மாதங்களை வேறு எந்தக் கடையில் வாங்குவது? அந்த நாட்களில் நீ இழந்தது பாடம் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று தப்பு செய்து திட்டு வாங்கும் வாய்ப்பு. அது இப்போது திரும்பக் கிடைத்திருக்கிறது.

நரம்பு விஷயம். நீ கண்ணால் தேடுகிறாய் என்று நினைக்கிறேன். திரை முன்னால் கற்றவர்கள் எல்லோரும் கண்ணால் தேடுவார்கள், அவர்களுக்குக் கண் ஒன்றுதான் வேலை செய்தது. கறுத்த தோலிலும் கொழுத்த கையிலும் நீலக் கோடு தெரியாது. பட்டையைக் கட்டு, கையைத் தொங்க விடு, உன் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தடவு. நல்ல நரம்பு ரப்பர் குழாய்போல அமுங்கி எழும்பும். தசைநார் எழும்பாது, கம்பிபோல் கிடக்கும். இதை வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா கைகளில் ஊசி இல்லாமல் தினமும் பத்துத் தடவை செய். எந்த நோயாளியிடமும் இரண்டு முறைக்கு மேல் குத்தாதே. இரண்டும் தவறினால் அடுத்தவரைக் கூப்பிடு. கூப்பிட வேண்டிய ஆள் யார் என்றும் சொல்கிறேன். பேராசிரியர் இல்லை, இரவுப் பணியில் இருக்கும் மூத்த நர்ஸ். "சிஸ்டர், எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பார். எனக்கு முதல் ஊசியைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சிஸ்டர்தான். இடையில் இரண்டு தடவை கையில் அடித்தார்.

மார்பில் தட்டிப் பார்ப்பதும் உனக்குச் சரியாக வராமல் இருக்கலாம். அதற்கு வீட்டில் அரிசி டிரம் இருக்கிறதா? இடக்கை நடுவிரலை அதன் மேல் அழுத்தி வைத்து, வலக்கை நடுவிரலால் தட்டு. மேலிருந்து இறங்கி வா. அரிசி எங்கே தொடங்குகிறதோ அங்கே சத்தம் மாறும். மூடியைத் திறந்து சரிபார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரியாவில் ஒரு விடுதிக்காரர் மகன், அவுன்பிரக்கர், மது எவ்வளவு இருக்கிறது என்று பீப்பாயைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை மனித மார்புக்குக் கொண்டுவந்து 1761இல் புத்தகமே எழுதினார். பத்து நாள் தட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும்: சத்தம் மாறுவதைக் காதுக்கு முன்னால் கீழே இருக்கும் விரல் சொல்லிவிடும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர் மார்பில் தட்டினால் அந்த விரலுக்குக் கல்லைத் தொட்டதுபோல் இருக்கும். எந்தக் காணொளியும் இதை உனக்குச் சொல்லியிருக்க முடியாது, அதில் விரல் இல்லை.

லாயக்கா என்று கேட்டாய். கை நடுங்குகிறது என்று எழுதத் தெரிந்தவளைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. என் பயமெல்லாம் நடுங்காமல் மூன்றாவது தடவை குத்துகிறவர்களைப் பற்றித்தான். ஆறு மாதம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் போடு.

*

கேள்வி: மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒற்றை மருத்துவராக இருக்கிறேன். நகரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால் இங்கே ஓ.பி. பார்க்க ஆள் இல்லை. காணொளிப் பயிற்சிகளில் சேர்வது வீண் வேலையா, டாக்டர்? (நீலகிரி மாவட்டம்)

பதில்: உங்களுக்கு என் பதில் தலைகீழ். உடனே சேருங்கள். மேலே உள்ள மகளுக்கு இல்லாதது உங்களிடம் இருக்கிறது: பழகிய கை.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் நிபுணர் இருந்தார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பாலைவனத்தில் மணிக்கணக்கில் வண்டி ஓட்டி வந்தார்கள். 2003இல் அவர் சிற்றூர் மருத்துவர்களை வாரம் ஒரு முறை காணொளியில் கூட்டினார். 'எக்கோ' என்று அதற்குப் பெயர். அவர் விரிவுரை செய்யவில்லை, இதுதான் முக்கியம். ஒவ்வொருவரும் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்வார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அவர் திருத்துவார். 2011இல் 407 நோயாளிகளின் கணக்கு வெளிவந்தது. பல்கலைக்கழக நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேர் குணமானார்கள். சிற்றூர் மருத்துவர்களிடம் பெற்றவர்களில் 58.2 சதவீதம். காணொளி வழியாகக் கற்றவர்கள் ஒரு மயிரிழைகூடப் பின்தங்கவில்லை. இங்கே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் இதே முறையில் பயிற்சி நடத்துகிறது.

மனநலம் இதற்கு ரொம்பவும் ஒத்துவரும் துறை. அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் மனநல மருத்துவர்கள் 1964லேயே, சுமார் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையோடு தொலைக்காட்சி இணைப்பு வைத்துக்கொண்டு பாடமும் ஆலோசனையும் நடத்தினார்கள். அங்கே சான்றெல்லாம் பேச்சிலும் முகத்திலும் இருக்கிறது, இரண்டையும் திரை கடத்திவிடும். தோல் விஷயத்தில் மட்டும் கவனம். வெளிறிப் போன கண் இமையையும் லேசான மஞ்சள் காமாலையையும் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறம் மாற்றிக் காட்டும். குழல் விளக்கில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், ஜன்னல் ஓரம் கொண்டுபோய் எடுங்கள்.

சேரும்போது ஒன்று கேளுங்கள்: "என் நோயாளியைப் பற்றி நான் பேச நேரம் தருவீர்களா?" இல்லை என்றால் அது வெறும் ஒளிபரப்பு. அதை இரவு சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

*

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கல்லீரல் வீக்கத்துக்காகப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஒரே காலையில் பதினான்கு பிள்ளைகள் என் வயிற்றை அழுத்தினார்கள். ஒருவர் பெயர்கூடச் சொல்லவில்லை. ஒரு தடவை படம் பிடித்து எல்லோருக்கும் திரையில் காட்டிவிட்டால் எங்களுக்கு நிம்மதி இல்லையா? (மதுரை மாவட்டம்)

பதில்: ஐயா, இத்தனை கடிதங்களில் என்னைத் தலைகுனிய வைத்தது உங்களுடையது. நேர் வகுப்பின் பெருமையை நான் இரண்டு பக்கம் எழுதினேன். அந்த வகுப்பு உங்கள் வயிற்றின் மேல் நடக்கிறது என்பதை ஒரு வரிகூட எழுதவில்லை.

உங்களுக்கு உரிமை உண்டு. மாணவர்கள் பார்ப்பதற்கு உங்கள் சம்மதம் கேட்க வேண்டும்; நீங்கள் மறுக்கலாம்; மறுத்தால் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லலாம். நான் பணியில் இருந்தபோது ஒரு நோயாளிக்கு ஒரு காலையில் நான்கு பேர் என்று வைத்திருந்தேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் அதை நானே மீறியிருக்கிறேன்.

படம் பிடிக்கும் யோசனையில் ஒரு சிக்கல். அழுத்திய பிள்ளைகள் பதினான்கு பேரும் மதியம் கலைந்து போய்விடுவார்கள். உங்கள் வயிற்றைப் படம் பிடித்தால் அது எத்தனை கைப்பேசிக்குப் போகும், எத்தனை வருடம் சுற்றும் என்று அந்தப் பேராசிரியருக்கே தெரியாது. அதனால் கேமராவோடு யாராவது வந்தால், முகம் தெரியுமா, யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள்.

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது பிள்ளைகள் வந்தால், உங்களுக்குச் சம்மதம் இருந்தால், நீங்களே நடத்துங்கள். முதலில் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அழுத்தும்போது வயிற்றைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலித்தால் முதலில் அங்கேதான் தெரியும். பிறகு, யாராவது கட்டிலின் இடப்பக்கம் வந்து நின்றால், தயவு செய்து வலப்பக்கம் வரச் சொல்லுங்கள். அது என் மாணவனிடம் படித்தவனாக இருக்கலாம்.